24 பிரஷ் 449 ரூபாய்: அந்தப் பட்டியல் பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் பக்கத்தில் கல்யாண சீசனுக்கு வாங்க வேண்டிய பொருட்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் நாலாவதாக ஒரு மேக்கப் பிரஷ் செட். 24 பிரஷ், வைக்க ஒரு பை, எல்லாம் சேர்த்து 449 ரூபாய், கொடுத்த காசுக்கு மேலேயே மதிப்பு என்று எழுதியிருந்தது. நான் திண்டுக்கல்லில் 14 வருஷமாக மணப்பெண் மேக்கப் செய்கிறவள். பேப்பரைப் பிடித்துக்கொண்டே அந்த வரியை மூன்று தடவை படித்தேன், டீ ஆறிப்போய்விட்டது. எழுதியவரைத் திட்டுவதற்காக இந்தக் கடிதம் இல்லை. இதே செட்டையோ இதன் அண்ணன் தம்பியையோ நானும் ஒரு காலத்தில் ஆசையாக வாங்கியவள்தான், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 449 ரூபாயை 24 ஆல் வகுத்தால் ஒரு பிரஷ் 18 ரூபாய் 70 காசு. இதில் செய்தவர், மொத்தமாக வாங்கியவர், கப்பலில் ஏற்றியவர், ஆன்லைனில் விற்கிறவர், வீடு வரை கொண்டுவந்து கொடுக்கிற தம்பி எல்லாருக்கும் பங்கு போக வேண்டும், வரியும் போக வேண்டும், அந்தப் பைக்கும் ஒரு விலை இருக்கிறது. இதெல்லாம் போக பிரஷுக்கென்று என்ன மிஞ்சும்? எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு டீயும் வடையும் அந்தக் காசுக்குக் கிடைக்காது.

சரி, விலையை விடுங்கள். 24 பிரஷ் யாருக்கு வேண்டும்? அந்தப் பையை விரித்து வரிசையாகப் பாருங்கள். கண்ணுக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு இருக்கும், அதில் பாதி ஒன்றுக்கொன்று நூலளவுதான் வித்தியாசம், நம்பர் மட்டும் வேறு வேறு. உதட்டுக்கு இரண்டு. புருவம் சீவ ஒரு சீப்பு, அதையும் பிரஷ் என்று எண்ணிக்கையில் சேர்த்திருப்பார்கள். விசிறி மாதிரி ஒன்று, கையால் ஊதினாலே பறக்கிற அளவுக்கு முடி. ஸ்பாஞ்ச் ஒட்டிய குச்சி ஒன்று. முகத்துக்கு ஆகிற பெரிய பிரஷ் மூன்றோ நாலோதான், அவையும் வெளியே புசுபுசுவென்று இருக்கும், நடுவில் விரலை வைத்து அமுக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. செலவு பிடிக்கிற பிரஷ் பெரிய பிரஷ்தானே, முடி அதிகம் போகிறதும் அதற்குத்தானே. அதனால் அதில் மிச்சம் பிடித்து, சின்னச் சின்னக் குச்சிகளால் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். வீட்டில் விசேஷத்துக்கு மட்டும் மேக்கப் போடுகிற பெண்ணுக்கு நாலு பிரஷ் போதும்: முகம் முழுக்கப் பூசுகிற அடிப்பூச்சான ஃபவுண்டேஷனுக்கு ஒன்று, பவுடருக்கு ஒன்று, கண்ணிமையில் நிறத்தைக் கலைத்துவிட பிளெண்டிங் பிரஷ் ஒன்று, புருவத்துக்குச் சாய்வாக வெட்டிய மெல்லியது ஒன்று. கன்னச் சிவப்புக்குப் போடுகிற பிளஷ்ஷுக்குத் தனியாக வேண்டும் என்றால் ஐந்து. தொழில் செய்கிற எனக்கே ஒரு முகத்துக்கு எட்டுக்கு மேல் கை போகாது.

இனி என் கதை. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம், வத்தலகுண்டு பக்கம் ஒரு கல்யாணம். ஆறு மணி முகூர்த்தம் என்றால் பெண்ணை மூன்று மணிக்கே உட்கார வைத்துவிட வேண்டும். மண்டபத்தில் மணமகள் அறை என்று ஒன்று இருக்கும், ட்யூப் லைட் ஒன்று, ஓடாத ஃபேன் ஒன்று, சுற்றிலும் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர். நான் புதிதாக வாங்கிய செட்டைப் பெருமையாக விரித்து வைத்திருந்தேன், பையைப் பார்த்தே இரண்டு பெண்கள் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். ஃபவுண்டேஷனை எடுத்துக் கன்னத்தில் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு முடி விழுந்தது. ட்வீசரால் எடுத்தேன். ஈரமான பேஸில், அதாவது அந்த அடிப்பூச்சில், ஒட்டிய முடியை எடுத்தால் அந்த இடத்தில் கோடு விழும், அதைச் சரி செய்ய மறுபடி பிரஷை வைக்க வேண்டும், வைத்தால் இன்னும் இரண்டு முடி. இப்படியே ஒரு கன்னத்துக்கு மட்டும் இருபது நிமிஷம். பெண்ணின் அத்தை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்ல பூனை கீனை வளக்கிறியா?" என்றார். பெண் சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியாகப் பவுடர் போடும்போது பெரிய பிரஷின் தலை அப்படியே கழன்று பட்டுப்புடவை மடியில் விழுந்தது. கையில் வெறும் கைப்பிடி. அன்றைக்கு மிச்ச வேலையை விரலாலும் ஒரு துண்டு ஸ்பாஞ்சாலும் முடித்தேன். அவர்கள் நல்லவர்கள், பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்தோ அந்த ஊரிலிருந்தோ அப்புறம் எனக்கு ஒரு அழைப்பு கூட வரவில்லை, நம்பர் வாங்கிய அந்த இரண்டு பெண்களும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே விடவில்லை. என் கணவர் எலக்ட்ரீஷியன், அவருடைய கட்டிங் பிளேயரை எடுத்து ஒவ்வொரு பிரஷாகப் பிரித்துப் பார்த்தேன். முடியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்கிற உலோகக் குழாய் ஒன்று நடுவில் இருக்கும் அல்லவா, தொழிலில் அதை ஃபெருல் என்பார்கள், அது பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் உள்ளே இருக்கும் தாள் மாதிரி இருந்தது, பிளேயர் கூடத் தேவையில்லை, நகத்தாலேயே மடங்கியது. உள்ளே முடி அரை விரல்கடை கூட இறங்கவில்லை. பசை நடுவில் ஒரு பொட்டு மட்டும், ஓரத்து முடிகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்தப் பொட்டும் காய்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்தது. கைப்பிடி சும்மா செருகியிருந்தது. நல்ல பிரஷில் இந்தக் குழாய் பித்தளையாகவோ கொஞ்சம் கனமான அலுமினியமாகவோ இருக்கும். கைப்பிடியைச் செருகியபின் சுற்றிலும் அழுத்தி ஒரு வளையம் மாதிரிப் பள்ளம் போட்டிருப்பார்கள், சிலதில் இரண்டு வளையம். அதைத் தடவிப் பார்த்தாலே கைக்குத் தெரியும். இதில் வளையம் மாதிரி ஒரு கோடு இருந்தது, பெயிண்டில் வரைந்த கோடு.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். முடியின் நுனி. பிரஷ் செய்ய எடுக்கிற ஆட்டு முடியோ நம் முடியோ, வெட்டாமல் விட்டால் நுனி ஊசி போல் மெலிந்துதான் இருக்கும். அந்த மெல்லிய நுனி தோலில் படுவதைத்தான் நாம் மிருது என்கிறோம். பிரஷுக்கு உருண்டையாக ஒரு தலை வேண்டும் என்றால் அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அந்த உருவம் செதுக்கிய சின்ன மரக்கிண்ணத்தில் நுனி கீழே இருக்கும்படி முடிக்கற்றையைப் போட்டுத் தட்டித் தட்டி, நுனிகளே அந்த வடிவத்தில் உட்காரும்படி செய்து, பிறகு அடியில் கட்டுவது. வெட்டுவதாக இருந்தால் அடியைத்தான் வெட்டுவார்கள், நுனியைத் தொட மாட்டார்கள். இரண்டாவது வழி, கண்டபடி கட்டிவிட்டு மேலே கத்தரிக்கோலால் செடி வெட்டுகிற மாதிரி வெட்டி உருண்டையாக்குவது. சீக்கிரம் முடியும், மலிவாக முடியும். ஆனால் ஆண்கள் சவரம் செய்த மறுநாள் தாடையைத் தடவினால் குத்துமே, அப்படிக் கன்னத்தில் குத்தும். செயற்கை இழையிலும் நுனி விஷயம் உண்டு, நல்ல தயாரிப்பாளர்கள் இழை முனையைக் காரக் கரைசலில் முக்கிக் கரைத்து மெலிய வைப்பார்கள், மலிவானதில் அப்படியே மழுங்கலாக இருக்கும். கல்லூரிப் பெண்கள் என்னிடம் வந்து, பிளஷ் போட்டாலே கன்னம் எரியுது அக்கா, பவுடர் சேரலையோ என்று கேட்பார்கள். பவுடரை மாற்றச் சொல்வதற்கு முன் பிரஷைக் கொண்டுவரச் சொல்வேன்.

மரக்கிண்ணம் என்று சொன்னேன் அல்லவா, அது ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தில் இருக்கும் குமானோ என்ற ஊரின் முறை. சுமார் 24,000 பேர் வாழ்கிற சின்ன ஊர். ஜப்பானில் செய்யப்படும் பிரஷ்களில் பத்துக்கு எட்டு அந்த ஊரிலிருந்துதான் வருகின்றன என்பார்கள். அவர்கள் முதலில் மேக்கப்புக்கு வந்தவர்கள் இல்லை. விவசாயம் போதாமல் வெளியூருக்குக் கூலிக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது எழுதுகிற தூரிகையும் மையும் வாங்கி வந்து விற்றார்கள், பிறகு தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1975-ல் அந்த எழுதுதூரிகைக்கு அந்த நாட்டு அரசு பாரம்பரியக் கைவினை என்று அங்கீகாரம் கொடுத்தது. 2011-ல் ஜப்பான் பெண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பை வென்றபோது வீராங்கனைகளுக்கு அரசு விருதோடு பரிசாகக் கொடுத்தது என்ன தெரியுமா, குமானோ மேக்கப் பிரஷ் செட். நம் ஊரில் பரிசு என்றால் ஒரு குத்துவிளக்கும் சால்வையும். அந்த பிரஷை நான் ஒரே ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், சென்னையில் ஒரு பயிற்சி வகுப்பில். விலை கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பக் கொடுத்துவிட்டேன். அதை வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு பிரஷுக்குள் எவ்வளவு கைவேலை இருக்கிறது என்று தெரிந்தால் 18 ரூபாயில் எது கிடைக்கும் எது கிடைக்காது என்பது தானாகத் தெரியும், அதற்காகத்தான் சொன்னேன்.

அதற்காகச் சீனாவில் செய்தது எல்லாம் குப்பை என்று சிலர் பேசுவார்கள், அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெனான் மாகாணத்தில் லூயி என்று ஒரு வட்டாரமே ஆட்டு முடியைத் தரம் பிரித்து மேக்கப் பிரஷ் செய்வதில்தான் பிழைக்கிறது. பெரிய பெரிய வெளிநாட்டுப் பெயர்களில் விற்கிற பிரஷ்களிலேயே நிறைய சீனாவில் செய்யப்படுகிறவைதான். கேட்கிறவன் என்ன விலை சொல்கிறானோ அதற்கேற்ற சரக்கைச் செய்து தருகிறார்கள். நாம் இங்கே 24 பிரஷ் 449-க்கு வேண்டும் என்று நின்றால் அவர்கள் அதற்கும் ஒன்று செய்து தருவார்கள்.

உங்கள் பட்டியலில் இன்னொரு வார்த்தை இருந்தது: இயற்கை முடி. அதை எழுதியவர் எதை வைத்து எழுதினார் என்று எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விற்பனைப் பக்கத்தில் அப்படிப் போட்டிருக்கும், பார்த்து எழுதியிருப்பார். நான் அன்று பிரித்த செட்டிலும் ஆட்டு முடி என்றுதான் அட்டையில் இருந்தது. நாலைந்து முடியை உருவி விளக்கில் காட்டினேன். நிஜ முடியாக இருந்தால் சுருண்டு, தலைமுடி கருகிய நாற்றம் வந்து, தொட்டால் பொடியாக உதிர வேண்டும். இது உருகி நுனியில் கறுப்பாக ஒரு மணி மாதிரி உருண்டது, பிளாஸ்டிக் வாசனை. நைலான்.

இதில் நைலானைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இதைப் பலர் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபவுண்டேஷன், தழும்பை மறைக்கிற கன்சீலர் மாதிரித் தண்ணீரும் எண்ணெயும் உள்ள பொருளுக்குச் செயற்கை இழைதான் சரி, இயற்கை முடி பாதியைக் குடித்துவிடும். இயற்கை முடிக்கு மேலே மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்கு இருக்கும், பவுடர் அதில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதனால் பவுடருக்கு அது நல்லது. அதிலும் இப்போது செயற்கை இழை எவ்வளவோ முன்னேறிவிட்டது. மேக் என்கிற மேக்கப் நிறுவனத்தின் 217 என்ற பிளெண்டிங் பிரஷ் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பெயர், முன்பு ஆட்டு முடியில் வந்தது, இப்போது செயற்கை இழையில் வருகிறது. ஆக நைலான் விற்பது தப்பில்லை, நைலானை ஆட்டு முடி என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

எது முடி என்பது சிலருக்கு வெறும் தர விஷயம் இல்லை. எனக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்து நிறைய வேலை வரும், பேகம்பூர் பக்கம் மாதத்துக்கு ஒன்றாவது இருக்கும். மணப்பெண்ணின் அம்மா முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, இதில் பன்றி முடி இல்லையே என்று கேட்பார். நியாயமான கேள்வி, விறைப்பான புருவ பிரஷ்களில் அது வருவது உண்டுதான். அதனால் அந்த வீடுகளுக்கென்றே முழுக்கச் செயற்கை இழையில் ஒரு தனி செட் வைத்திருக்கிறேன். சைவம் மட்டும் சாப்பிடுகிற வீட்டுப் பெண்கள் சிலரும் இப்போது அதையே கேட்கிறார்கள். மலேசியாவில் பன்றி, நாய் இவற்றின் உடல் பாகத்தில் செய்த பொருளைத் தனியாக வைத்து எழுதி ஒட்டி விற்க வேண்டும் என்று 2013-ல் ஆணையே உண்டு, 2017-ல் அதை வைத்துக் கடைகளில் பெயிண்ட் பிரஷ்களைப் பறிமுதல் செய்தார்கள். நம் நாட்டிலும் முடியில் திருட்டுத்தனம் இல்லாமல் இல்லை. ஓவியர்களின் தூரிகைக்காகக் கீரிப்பிள்ளைகளைக் கொல்கிறார்கள், 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உத்தரப் பிரதேசத்தில் ஷேர்கோட் என்கிற பிரஷ் செய்யும் ஊர் உட்படப் பல இடங்களில் சோதனை நடத்திப் பிடித்திருக்கிறார்கள். அதைச் செய்கிறவன் அட்டையில் கீரி முடி என்றா எழுதுவான்?

பத்து ரூபாய் லிப்ஸ்டிக் என்றாலும் அது அழகு சாதனப் பொருள் சட்டத்தில் வருகிறது. அதே உதட்டில் வைக்கிற பிரஷ் அந்தச் சட்டத்தில் வருவதில்லை, அது வெறும் கருவி. சுங்கத்துறைப் பட்டியலில் இதற்கு எண் 9603. அந்த எண்ணில் கூட யார் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் ஆடிட்டர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே காட்டினார்: விளக்குமாறு, மாப், தூசி தட்டுகிற இறகுக் குச்சம். மணப்பெண் முகத்தில் வைக்கிறதும் வாசல் கூட்டுகிறதும் ஒரே தலைப்பில். அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் வருஷத்து எடையளவு விதிகள் சொல்கின்றன: தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எத்தனை உருப்படி, எந்த மாதம் எந்த வருஷம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு, வெளிநாட்டுச் சரக்கென்றால் எந்த நாடு. முடி எது என்று எழுதச் சொல்லி அதில் இல்லை. சரி, அதை விடுங்கள், சொல்லியிருக்கிறதையாவது எழுதுகிறார்களா? என்னிடம் இருக்கிற அந்தப் பழைய பையில் ஒரு ஊர் பெயர் கூட இல்லை. இப்போது ஆன்லைனில் விற்கிறவர்களும் எந்த நாட்டுச் சரக்கு என்று பக்கத்திலேயே காட்டியாக வேண்டும். வாங்குவதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் 1915-க்குக் கூப்பிட்டு நுகர்வோர் புகார் கொடுக்கலாம். நான் ஒரு தடவை கொடுத்தேன், ஆறு வாரம் ஆனது, பணம் திரும்பி வந்தது. பிரஷை அவர்கள் திருப்பிக் கேட்கவே இல்லை, அதுவே அதன் மதிப்பைச் சொல்லிவிட்டது.

கழுவுவதைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. பிரஷின் குணம் மூன்றாவது கழுவலில்தான் தெரியும். ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் எல்லாம் பார்சல் வந்த அன்று, பிளாஸ்டிக் உறையைக் கிழித்த கையோடு போடுகிறார்கள். சூப்பர், சாஃப்ட், பை அழகாக இருக்கு என்று. ஒரு மாதம் கழித்து அவர்களிடம் கேட்க யாரும் இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 7 முதல் 10 நாளுக்கு ஒரு தடவை பிரஷைக் கழுவச் சொல்கிறது. பிரிட்டனில் ஆஸ்டன் பல்கலைக்கழகம் 2019-ல் பயன்படுத்திய மேக்கப் பொருட்களைச் சோதித்தபோது, மேக்கப் ஸ்பாஞ்ச்களில் 93 சதவீதம் ஒரு தடவை கூடக் கழுவப்படாதவை. நம் வீடுகளில் கேட்டால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை, என் தங்கையின் பவுடர் பிரஷ் நிறத்தைப் பார்த்தே அவள் போன தீபாவளிக்கு என்ன ஷேட் போட்டாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் 18 ரூபாய் பிரஷைக் கழுவினால் என்ன ஆகிறது? முதல் தடவை கறுப்புச் சாயம் பக்கெட் தண்ணீரில் இறங்கும். இரண்டாம் தடவை முடி விரிந்து துடைப்பம் மாதிரி நிற்கும். மூன்றாம் தடவை பசை விட்டுப்போகும். அதனால் பயந்துகொண்டு கழுவாமலே வைத்திருப்பார்கள், முகத்தில் பருவாக வந்து நிற்கும், அதற்கு ஒரு க்ரீம் வாங்குவார்கள். அந்த க்ரீம் விலையையும் பிரஷ் விலையில் சேர்க்க வேண்டாமா?

கழுவத் தெரியாமல் நல்ல பிரஷையும் கெடுப்பவர்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு, உள்ளங்கையில் முடிப்பகுதியை மட்டும் சுழற்ற வேண்டும், அந்த உலோகக் குழாய்க்குள் தண்ணீர் ஏறவே கூடாது. அப்புறம் துணியில் ஒற்றிவிட்டு, தலை மேசை ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வைத்துக் காயவிட வேண்டும். டம்ளரில் தலை மேலே இருக்கும்படி நிற்க வைத்தால் ஈரம் கீழே இறங்கிப் பசையைக் கரைத்துவிடும், வெயிலில் போட்டால் முடி முறுகிவிடும். கொடைக்கானலில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், மழைக்காலத்தில் அவளுடைய பெரிய பிரஷ் இரண்டு நாள் ஆனாலும் காயாது, அதற்கென்றே எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வைத்திருக்கிறாள்.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுத வைத்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன். என்னிடம் உதவியாளராக வந்த பெண், ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமம், அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மாவின் தோட்டை அடகு வைத்து ஒரு மேக்கப் பயிற்சிக் கூடத்தில் 45,000 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறாள். 15,000 ரூபாய் மதிப்புள்ள புரொஃபஷனல் கிட் இலவசம் என்று சொன்னார்களாம். அந்தக் கிட்டை என் முன்னால் திறந்தாள். பை நிறம் வேறு, மேலே அந்தக் கூடத்தின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. உள்ளே அதே 24. எப்படி அதே என்று தெரியும் என்றால், ஃபவுண்டேஷன் பிரஷின் கைப்பிடியில் அந்த ஆங்கில வார்த்தையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும், நான் அன்று பிரித்துப் போட்டதிலும் அதே எழுத்துதான் விட்டுப்போயிருந்தது. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஒரு ட்ரையல் மேக்கப்பில் முடி உதிர்ந்ததும் என் முகத்தைப் பார்த்தாள், "அக்கா, நான் அழுத்திப் போட்டுட்டேனா?" என்று கேட்டாள். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துவிட்டாள் பாருங்கள். புதிதாகக் கற்கிற பிள்ளைகளுக்கு மட்டமான பிரஷைக் கொடுத்தால் நடக்கிறது இதுதான், ஐஷேடோ திட்டுத்திட்டாக நிற்கும், பேஸில் கோடு விழும், தனக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவள் கையில் என் பிரஷைக் கொடுத்து அதே கண்ணுக்குப் போடச் சொன்னேன், ஐந்து நிமிஷத்தில் அழகாகக் கலைத்துவிட்டாள்.

அவளைப் போன்ற பெண்கள்தான் உங்கள் மகளிர் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள். பேப்பரிலேயே போட்டிருக்காங்க என்று சொல்லி வாங்குவார்கள்.

விலை அதிகம் என்றால் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு தடவை 3,800 ரூபாய்க்கு ஒரு ஐந்து பிரஷ் செட் வாங்கினேன், காந்தம் வைத்த பெட்டி, கனமான கைப்பிடி, ரோஸ் கோல்ட் நிறம். நிறம் நாலு மாதத்தில் உரிந்து என் விரலில் ஒட்டியது, முடி சுமார்தான். பெட்டியில் இப்போது ஊசி நூல் வைத்திருக்கிறேன். அதே சமயம் 2016-ல் 1,100 ரூபாய் கொடுத்து ஒற்றையாக வாங்கிய பவுடர் பிரஷ் இன்றைக்கும் என் பையில் இருக்கிறது. குறைந்தது 400 கல்யாணம் பார்த்திருக்கும், கணக்குப் போட்டால் ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரூபாய் கூட வராது. கைப்பிடியில் வார்னிஷ் போய்விட்டது, தலை அப்படியே இருக்கிறது. ஐலைனருக்கு நான் வைத்திருப்பது கேமல் கம்பெனியின் ஓவிய பிரஷ், பூஜ்யம் நம்பர், ஸ்டேஷனரி கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிறது. தெருக்கூத்துக்காரர்கள் தென்னை ஈர்க்கில் முகம் எழுதுவதைப் பார்த்தவளுக்கு இதில் என்ன கூச்சம், கோடு நேராக வருகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

செட்டாக வாங்காதீர்கள், ஒன்றொன்றாக வாங்குங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. முதல் மாதம் ஃபவுண்டேஷன் பிரஷ், அடுத்த மாதம் பிளெண்டிங். கடையில் வாங்கும்போது கூச்சப்படாமல் புறங்கையில் அழுத்திப் பாருங்கள், விட்டதும் முடி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். லேசாக இழுத்துப் பாருங்கள், புதிதில் ஒன்றிரண்டு முடி வருவது சகஜம், கொத்தாக வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குழாயை ஒரு கையிலும் கைப்பிடியை ஒரு கையிலும் பிடித்துத் திருகினால் ஆடக் கூடாது. கன்னத்தில் வைத்துப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது, அதனால் முழங்கை உள்பக்கத் தோலில் தடவுங்கள், குத்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிரஷைத் திறந்து காட்டவே மாட்டேன் என்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை இப்படி ஒரு பொருளைச் சிபாரிசு செய்வதற்கு முன் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அதைக் காசு கொடுத்து வாங்கி மூன்று தடவை கழுவிப் பார்க்கட்டும். இயற்கை முடி என்று எழுதுவதற்கு முன் ஒரு தீக்குச்சி செலவு செய்யட்டும். இறக்குமதி செய்தவர் முகவரி அட்டையில் இருக்கிறதா என்று ஒரு வரி சேர்க்கட்டும். முடிந்தால் பயிற்சிக் கூடங்கள் கொடுக்கிற கிட்களைப் பற்றி உங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதட்டும், என்னிடம் வந்தால் நான் பார்த்ததைச் சொல்கிறேன், உதவியாளர் பெண்ணிடமும் கேட்டுவிட்டேன், அவளும் பேசத் தயார்.

குழாய் பிரித்த பிரஷ் ஒன்றையும், அதன் முடி உருகிய மணியையும் ஒரு சின்ன கவரில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம், என்னிடம் இன்னும் 23 இருக்கிறது.

இப்படிக்கு,
மணப்பெண் ஒப்பனை செய்யும் ஒரு வாசகி,
திண்டுக்கல்